தேவனுக்குக் கோடை விடுமுறை உண்டா?



 

நம்ம வேலூர் வெயிலைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலாற்றில் மணல்தான் தெரிகிறது. மே 4 வாக்கில் கத்திரி ஆரம்பித்தால் மாதக் கடைசிவரைக்கும் தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியாது. பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். அதற்கப்புறம் நாலாவது ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பாதிப் பாய் சுருட்டினபடியே மூலையில் நிற்கிறது. காணிக்கைப் பையும் அப்படித்தான், லேசாகத்தான் திரும்பி வருகிறது.

பயப்படாதீர்கள், இந்த மாதம் உங்களைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. ஏன் திட்டக்கூடாது என்பதைக் கர்த்தர் எனக்குக் கசப்பான ஒரு பாடத்தின் மூலமாகக் கற்றுக்கொடுத்தார். அதைப் பின்னால் சொல்லுகிறேன். இப்போது நான் எழுதுவதற்குக் காரணம், நம்முடைய விசுவாசிகள் என்னிடத்தில் கேட்ட இரண்டு கேள்விகள்.

ஒரு சகோதரன் கேட்டார்: "ஐயா, தேவன் எங்கும் இருக்கிறவருன்னு நீங்கதானே சொன்னீங்க? ஏலகிரியில இல்லையா? எங்க ஊர்ல இல்லையா? நாலு வாரம் சபைக்கு வரலைன்னா என்ன குறைஞ்சிடப் போவுது?"

ஒரு சகோதரி கேட்டார்கள்: "நாங்க இல்லாத வாரத்துக்கு எதுக்கு ஐயா காணிக்கை? வந்தாதானே குடுக்கணும்?"

இவை குறும்புக் கேள்விகள் அல்ல. உண்மையான மனசாட்சியிலிருந்து வந்த கேள்விகள். அவைகளுக்கு வேத வசனத்தின் வெளிச்சத்தில் பதில் தேடுவோம்.

பெந்தெகொஸ்தே நாள் எந்தக் காலத்தில் வந்தது?

நம்மைப் பெந்தெகொஸ்தேக்காரர் என்று சொல்லிக்கொள்ளுகிறோம். அந்த நாள் எந்த மாதத்தில் வருகிறது என்று யோசித்துப் பார்த்ததுண்டா? பஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாள். இன்றைய காலண்டர்படி பெந்தெகொஸ்தே ஞாயிறு மே 10-க்கும் ஜூன் 13-க்கும் நடுவில்தான் விழும். யூதருக்கு அது வாரங்களின் பண்டிகை, கோதுமை அறுப்பின் பண்டிகை (யாத். 34:22). அதாவது களத்துமேட்டில் வேலை குவிந்து கிடக்கிற, வெயில் ஏறுகிற காலம். நாம் எதை "டல் சீசன்" என்று சொல்லுகிறோமோ, அதே காலத்தில்தான் மேல்வீட்டில் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார், சபை பிறந்தது.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை ஐந்நூறு பேருக்கு அதிகமானோர் ஒரே வேளையில் கண்டார்கள் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரி. 15:6). ஆனால் எருசலேமில் கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய நூற்றிருபது பேர் (அப். 1:15). மற்றவர்கள் பின்மாறிப் போனார்கள் என்று நாம் அவர்கள்மேல் பழி போடக்கூடாது; வேதம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கூடியிருந்தவர்களைப்பற்றி வேதம் சொல்லுகிறது. ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருந்தார்கள். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அற்புதம் இல்லை, கூட்டம் இல்லை. ஆனாலும் வந்தார்கள். அக்கினி இறங்கும் என்று முன்கூட்டியே தேதி தெரிந்துகொண்டு வந்தவர்கள் அல்ல அவர்கள். காத்திரு என்று சொன்னவர்மேல் இருந்த அன்பினால் வந்தவர்கள்.

ஓய்வெடுப்பது பாவமா?

இல்லவே இல்லை. ஜனங்கள் வருகிறதும் போகிறதுமாயிருந்து சாப்பிடவும் நேரமில்லாதிருந்தபோது, தனிமையான இடத்துக்குப் போய்க் கொஞ்சம் இளைப்பாறும்படி சீஷர்களிடம் சொன்னவர் நம்முடைய ஆண்டவர்தான் (மாற்கு 6:31). பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போங்கள். வயதான அப்பா அம்மாவைப் பாருங்கள். தேவனுக்கு என்று நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போன பரிசேயரை இயேசு கண்டித்தாரே (மாற்கு 7:11-13). வருஷத்தில் ஒரு தடவை பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் காத்திருக்கிற ஒரு கிழவியின் கண்ணீரைத் துடைப்பதும் தேவனுக்குப் பிரியமான ஆராதனைதான்.

ஆனால் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். யாத்திராகமம் 34:21-ல் ஓய்வுநாளைப்பற்றிக் கர்த்தர் சொல்லும்போது, விதைக்கிற காலமானாலும் அறுக்கிற காலமானாலும் அந்த நாள் என்னுடையது என்கிற கருத்தில் சொல்லுகிறார். ஏன் அந்த இரண்டு காலத்தையும் பேர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்? விவசாயிக்குச் சாக்குச் சொல்ல நியாயமான காலங்கள் அவை இரண்டும்தான். ஒரு நாள் தவறினால் விதைப்பு போச்சு, ஒரு மழை வந்தால் அறுப்பு போச்சு. அந்தக் காலத்திலேயே அவர் கேட்கிறார். சும்மா இருக்கிற காலத்தில் கொடுக்கிற நாளுக்கு விலை இல்லை.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் நான் மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்காருகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அறுப்புக்காலமே கோடைதான். ஃபேன் எரியும், போர்வெல் மோட்டார் எரியும், ஏர்கூலர் பம்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணிக்கு ஆராதனைக்குப் பைபிளை எடுக்கும்போது போன் அடிக்கும். "மண்டபத்துல கல்யாணம், தண்ணி ஏறல, கேட்டதைக் குடுக்குறேன் வாங்க" என்பார்கள். ஊழியத்துக்கு வருவதற்கு முன்னே ஒரு மே மாதம் நாலு ஞாயிறும் அப்படியே போனேன். கை நிறையப் பணம் வந்தது. ஐந்தாவது ஞாயிறு போன் அடிக்கவில்லை. அன்றைக்கும் நான் சபைக்குப் போகவில்லை, படுத்துத் தூங்கினேன். அன்றைக்குத்தான் புரிந்தது. என்னைச் சபைக்குப் போகவிடாமல் தடுத்தது வேலை அல்ல, பழகிப்போன மனசு.

நீங்கள் வராவிட்டால் என்ன குறைகிறது?

தேவன் ஏலகிரியிலும் இருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற பொருளில் எபிரெயர் 10:25 சொல்லுவதற்கு முன்னே, 24-ம் வசனம் என்ன சொல்லுகிறது? அன்புக்கும் நற்கிரியைக்கும் ஒருவரை ஒருவர் ஏவிவிடும்படி ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்லுகிறது. அப்படியானால் நாம் கூடிவருவது நம்முடைய ஆசீர்வாதத்துக்காக மட்டும் அல்ல, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறவருக்காகவும்தான். "எனக்கு என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்கிறோம். "என்னால யாருக்கு என்ன குறையும்?" என்று வேதம் கேட்கிறது.

என் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்லுகிறேன். மூணு பேஸ் மோட்டாருக்கு மூணு லைன் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லைன் போய்விட்டால் மோட்டார் உடனே நின்றுவிடாது. ஓடும். சத்தம் மட்டும் மாறும், உறுமும். மூன்றாவது லைன் இழுக்க வேண்டிய பாரத்தையும் மீதி இரண்டும் சேர்த்து இழுக்கும். கரண்ட் ஏறும், சூடாகும், கடைசியில் எரிந்துபோகும். ஸ்டார் கனெக்ஷன் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். லைன் வராமல்போன காயில் புதுசு மாதிரியே இருக்கும். கருகினதெல்லாம் கடைசிவரைக்கும் லைன் வாங்கி வேலைசெய்த காயில்கள்.

சபையும் அப்படித்தான், பிரியமானவர்களே. நீங்கள் வராவிட்டாலும் சபை நின்றுபோகாது. ஆராதனை நடக்கும், பாட்டு இருக்கும். ஆனால் சுத்தம்பண்ண நாலு பேர் இருந்த இடத்தில் ஒரே சகோதரி பெருக்குவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எட்டு ஆசிரியர் வேண்டிய இடத்தில் மூன்று வாலிபப் பிள்ளைகள் தொண்டை கட்டக் கத்துவார்கள். உபவாச ஜெபத்தில் ஒரே தாயார் முழங்காலில் நிற்பார்கள். ஜூன் மாதம் நீங்கள் புதுப்பெலத்தோடு திரும்பி வரும்போது, கருகிப்போயிருப்பவர்கள் உண்மையாய் உழைத்தவர்களாக இருப்பார்கள். "ஏன் அந்தத் தம்பி இப்போ சரியா வர்றதில்ல?" என்று நாமே கேட்போம்.

காணிக்கை டிக்கெட் பணமா?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "வராத வாரத்துக்கு எதுக்குக் காணிக்கை?"

பஸ்ஸில் ஏறினால்தான் டிக்கெட். ஏறாத பஸ்ஸுக்கு யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள். ஆராதனையில் நாம் பெற்றுக்கொள்ளுவதற்குக் கூலி கொடுப்பதுதான் காணிக்கை என்றால், வராத வாரம் கொடுக்க வேண்டியதில்லை என்பது நியாயம்தான். ஆனால் காணிக்கை கூலியா? 1 கொரிந்தியர் 16:2-ஐ நிதானமாக வாசியுங்கள். வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அங்கே பவுலின் ஆலோசனை. தான் வந்த பிறகு அவசரமாக வசூல் பண்ணுகிற நிலைமை வரக்கூடாது என்றும் சொல்லுகிறார். அப்போஸ்தலன் வந்தாலும் வராவிட்டாலும் வாரம் வருகிறது. வாரம் எங்கே வருகிறதோ அங்கே எடுத்துவைத்தலும் வருகிறது. நாம் ஊருக்குப் போனால் சபைக் கட்டிடம் நம்மோடு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நம்மோடு வருகிறது.

அந்தப் பணம் யாருக்காக? எருசலேமில் இருந்த தரித்திரரான பரிசுத்தவான்களுக்காக (ரோமர் 15:26). பவுலின் செலவுக்கு அல்ல. தேவனுக்கு நம்முடைய பணம் தேவையா? ஐம்பதாம் சங்கீதம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. மலைகளிலுள்ள மிருகங்களெல்லாம் அவருடையவை. அவருக்குப் பசித்தாலும் நம்மிடம் வந்து கேட்கப்போவதில்லை. தேவை இருப்பது மனுஷருக்கு. வாடகைக்கு விட்டிருக்கிறவர் மே மாதம் லீவு கொடுப்பதில்லை. கரண்ட் பில் கோடையில்தான் கூடுகிறது. தண்ணீர் கேன் இரட்டிப்பாக வாங்குகிறோம். நம்முடைய சபையிலிருந்து மாதாமாதம் அரிசி வாங்குகிற விதவைகளின் வயிற்றுக்கும் விடுமுறை இல்லை.

நெகேமியாவின் புஸ்தகத்தில் இதைக் கண்ணாடிபோல் பார்க்கலாம். 10-ம் அதிகாரத்தில் தலைவர்கள் கையெழுத்துப் போட, மற்ற ஜனங்களும் அவர்களோடு சேர்ந்து, தேவனுடைய ஆலயத்தைக் கைவிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பிறகு அர்தசஷ்டா ராஜாவின் 32-ம் வருஷத்தில் நெகேமியா ராஜாவிடத்துக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் லேவியருக்கும் பாடகருக்கும் பங்கு கொடுக்கப்படவில்லை, அவர்கள் ஆராதனையை விட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள் (நெகே. 13:6, 10). யாரும் எதிர்த்துக் கலகம்பண்ணவில்லை. யாரும் விக்கிரகத்துக்கு முன் விழவில்லை. பார்க்கிறவர் ஒருவர் இல்லாதபோது சும்மா விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். உண்மை என்பது கையெழுத்துப் போடுகிற நாளில் அல்ல, பார்க்க ஆள் இல்லாத நாட்களில்தான் அளக்கப்படுகிறது.

நெகேமியா என்ன செய்தார்? தலைமையானவர்களைக் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட நாலு பேரைப் பொக்கிஷ அறைகளுக்கு ஏற்படுத்தினார் (13:13). கொடுக்கிறவருக்கு ஒரு கடமை இருந்தால், வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு.

நான் செய்த தப்பிதம்

இப்போது என் கசப்பான பாடத்தைச் சொல்லுகிறேன். 2022 மே மாதம். சபை வாடகை இரண்டு மாதம் நின்றுபோயிருந்தது. மூன்று ஞாயிறாகக் காணிக்கை பாதிக்கும் கீழே. வசதியுள்ள குடும்பங்கள் சில ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போயிருந்தார்கள். செல்போனில் படங்கள் வந்தபடி இருந்தன. எனக்கு உள்ளே கோபம் மூண்டது. அதை ஆவியின் வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டு மல்கியா 3-ம் அதிகாரத்தை எடுத்தேன். கொடுக்காதவன் சாபத்துக்குள் இருக்கிறான், அவன் கையின் கிரியை விளங்காது என்று உரத்த சத்தமாய்ப் பிரசங்கம் பண்ணினேன்.

நான் யாரை நினைத்துப் பேசினேனோ அவர்கள் மலையில் இருந்தார்கள். கேட்டவர்கள் யார்? வெயிலில் நடந்து வந்திருந்தவர்கள். வராதவர்களைத் திட்டுகிற பிரசங்கத்தை எப்போதும் வந்தவர்கள்தான் கேட்கிறார்கள்!

அடுத்த வாரம், பஸ் ஸ்டாண்டு ஓரமாக வெள்ளரிப்பிஞ்சு விற்கிற நம்முடைய ஆயா ஒருவர், கூட்டம் முடிந்தபின் என் கையில் ஐந்நூறு ரூபாய் வைத்தார்கள். நான் ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம்பண்ணினேன். ஜெபம் முடிந்ததும் ஆயா கேட்டார்கள்:

"ஐயா, இப்போ சாபம் போயிருக்கும் இல்ல?"

எனக்குத் திக்கென்றது. "என்ன ஆயா சொல்றீங்க?" என்றேன்.

"மூணு மாசமா நான் சரியா எதுவும் போடல ஐயா. யாவாரமே இல்ல. அதான் பேரனுக்கு ஒடம்பு சரியில்லாம பூடுச்சோன்னு நெனச்சிக்கினு, தண்டல்ல ஐந்நூறு வாங்கியாந்தேன்."

சபையாரே, அந்த நிமிஷம் எனக்கு நிற்க பூமி இல்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தவன் நான். மாற்கு 12-ம் அதிகாரத்தில் இரண்டு காசு போட்ட விதவையைப்பற்றி எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அது 41-ம் வசனத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின வசனத்தை, 40-ம் வசனத்தை நான் ஒருநாளும் வாசித்துக் காட்டினதில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப்பற்றி இயேசு அங்கே எச்சரிக்கிறார். அன்றைக்கு அந்த வசனம் என்னைப் பார்த்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "கர்த்தருக்குக் குடுத்ததைத் திரும்பி வாங்கமாட்டேன்" என்று ஆயா கையை இழுத்துக்கொண்டார்கள். மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு போட்டு, அவர்களோடு தண்டல்காரரிடம் போய், என் கையிலிருந்து அந்தக் கடனை அடைத்தேன். பேரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சாதாரணக் காய்ச்சல்தான், கர்த்தர் சுகம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அதே பிரசங்க பீடத்தில் நின்று சபையாரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு 2 கொரிந்தியர் 8:12 எனக்குப் புது வசனமாயிற்று. மனவிருப்பம் இருந்தால், ஒருவனிடத்தில் உள்ளதைப் பார்த்து அது அங்கீகரிக்கப்படும். இல்லாததைப் பார்த்து அல்ல என்பதே அதன் கருத்து. கடன் வாங்கிக் கொடுப்பது இல்லாததைக் கொடுப்பது. அப்படியானால் சாறிபாத் விதவை கடைசி மாவைக் கொடுத்தாளே என்பீர்கள். ஆம், பஞ்சகாலத்தில் கொடுத்தாள். ஆனால் முடிவைப் பாருங்கள்: அவளும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள் (1 இராஜா. 17:15). தேவன் அனுப்பின தீர்க்கதரிசி அந்த வீட்டுக்குள் வந்ததினால் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. ஊழியக்காரன் வந்துபோன வீட்டில் அடுப்பு அணைந்தால், அது எலியாவின் ஊழியம் அல்ல.

மௌனமும் ஒரு தப்பிதம்

கதை இதோடு முடிந்திருந்தால், "பார்த்தீங்களா, காணிக்கையைப்பத்திப் பேசவே கூடாது" என்று நீங்கள் சொல்லுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வருஷம் பிரசங்கத்தில் பணம் என்ற வார்த்தையே எடுக்கவில்லை. அது தாழ்மை என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு வெட்கம்.

2023 மே மாதம் என்ன நடந்தது தெரியுமா? மறுபடியும் லீவு, மறுபடியும் பாதிப் பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. வாடகையைக் கட்டினோம். கரண்ட் பில் கட்டினோம். அரிசி வாங்கப் பணம் இல்லை. நாலு விதவைகளுக்குக் கொடுக்கிற அரிசி அந்த மாதம் நின்றுபோயிற்று. அந்த நாலு பேரில் ஒருவர் அதே ஆயா.

மிரட்டி நான் ஒரு தடவை அந்த ஏழைத் தாயாரின் கையிலிருந்து பிடுங்கினேன். மௌனமாயிருந்து இன்னொரு தடவை அவர்கள் தட்டிலிருந்து பிடுங்கினேன். சாபம் என்று சொல்லிப் பயமுறுத்துவது பாவம் என்றால், தேவையைச் சொல்லாமல் மறைத்து, கொடுக்கக்கூடியவர்களைத் தூங்கவிடுவதும் பாவம்தான். எருசலேமின் தரித்திரருக்காகப் பவுல் வெட்கப்படாமல் கேட்டார். கேட்டதோடு, அந்தப் பணத்தைப்பற்றி யாரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி ஆட்களையும் கூட அனுப்பினார் (2 கொரி. 8:20-21). ஆகையால் இனி ஒவ்வொரு மாதமும் வரவு செலவை எழுதிச் சபைச் சுவரில் ஒட்டுவோம். கணக்கைப் பாருங்கள், கேள்வி கேளுங்கள், அதற்குப் பிறகு மனப்பூர்வமாய்க் கொடுங்கள்.

மூடின கதவை மறந்துவிட்டோமா?

2020-ம் வருஷம் மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஏப்ரல் 12-ந்தேதி உயிர்த்தெழுந்த பண்டிகை, மே 31-ந்தேதி பெந்தெகொஸ்தே ஞாயிறு, இரண்டுக்கும் சபைக் கதவு பூட்டியிருந்தது. அந்தக் கோடையில் எத்தனை பேர் எனக்குப் போன் பண்ணி அழுதீர்கள்! "எப்போ ஐயா திறப்பாங்க? ஒரு தடவை சபையில உட்கார்ந்து பாடினா போதும்" என்றீர்கள். ஒரு சகோதரி சாயங்காலம் பால் வாங்க வந்தபோது பூட்டின கதவைத் தொட்டு ஜெபித்துவிட்டுப் போனதை நான் கண்ணால் கண்டேன். இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறது. அதே வெயில்தான், அதே ஃபேன்தான். இழந்தபோது ஏங்கினோம், கிடைத்தபோது சலித்துப்போகிறோம். அந்த ஏக்கம் பொய் அல்ல. அதுதான் நம்முடைய உண்மையான இருதயம். அதைத் திரும்ப எழுப்பும்படிதான் கர்த்தரிடத்தில் கேட்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வோம்?

ஒன்று, ஊருக்குப் போகிறவர்கள் சந்தோஷமாய்ப் போங்கள். போகுமுன் சொல்லிவிட்டுப் போங்கள். பிரயாணத்துக்காக ஜெபித்து அனுப்புவோம். போகிற இடத்தில் எந்தச் சபை இருக்கிறதோ, அங்கே போய் ஆராதியுங்கள். நம்ம ஸ்தாபனம் இல்லையே என்று பார்க்காதீர்கள். ஒரு சின்னக் கிராமச் சபையில் நீங்கள் ஐந்து பேர் போய் உட்கார்ந்தால், அங்கே உள்ள ஊழியக்காரருக்கு அதுவே எழுப்புதல். அங்கே காணிக்கையும் போடுங்கள். சபையே இல்லையென்றால், இரண்டு மூன்று பேர் கூடுகிற இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் சொல்லியிருக்கிறார் (மத். 18:20), திண்ணையில் பாய் விரித்துக் குடும்பமாய் ஜெபியுங்கள். தாத்தா பாட்டி கேட்கட்டும்.

இரண்டு, சம்பளம் வாங்கின அன்றே, டிக்கெட் எடுக்குமுன்னே, கர்த்தருக்குரியதைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். செலவெல்லாம் போக மிஞ்சினதைக் கொடுக்கலாம் என்றால் சுற்றுலாவில் ஒன்றும் மிஞ்சாது என்பது நமக்கே தெரியும். கவரில் போட்டு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள், அல்லது செல்போன் மூலமாக அனுப்பிவிடுங்கள்.

மூன்று, இந்தக் கோடையில் வேலை இல்லாமல், வியாபாரம் இல்லாமல் இருக்கிறவர்களே, உங்களுக்கு விசேஷமாய்ச் சொல்லுகிறேன். வெறுங்கையோடு வாருங்கள். பை வரும்போது தலையைக் குனியாதீர்கள். கடன் வாங்கிப் போடாதீர்கள். இந்த மாதம் நீங்கள் சபைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் அல்ல, சபை உங்களுக்குக் கொடுக்க வேண்டும். வெட்கப்படாமல் என்னிடம் சொல்லுங்கள்.

நான்கு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக, பஸ்ஸில் டிரைவராக ஞாயிறு டியூட்டி பார்க்கிற பிள்ளைகளுக்காகவும், வெயிலில் வரமுடியாத வயதானவர்களுக்காகவும், மே மாதம் முழுவதும் காலை ஆறு மணிக்கு ஒரு ஆராதனை வைக்கிறோம். ஏழரைக்குள் முடிந்துவிடும்.

ஐந்து, ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறவர்களே, போனவர்களைக் குறைசொல்லாதீர்கள். அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவர்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபியுங்கள். அவர்கள் திரும்பி வரும்போது கோபத்தோடு அல்ல, பாய் விரித்து வரவேற்போம்.

பிரியமானவர்களே, அந்த ஆயா இப்போதும் வருகிறார்கள். போன வாரம் வியாபாரம் நன்றாயிருந்தது என்று இருபது ரூபாய் போட்டார்கள். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, "இது தண்டல் பணம் இல்ல ஐயா, என் பணம்" என்றார்கள். அந்த இருபது ரூபாயில் பயம் இல்லை, சாபம் இல்லை. அன்பு மாத்திரம் இருந்தது. அப்படிப்பட்ட காணிக்கை நம்முடைய பையில் வருஷம் பன்னிரண்டு மாதமும் விழட்டும். ஆற்றில் தண்ணீர் வற்றினாலும், நம்முடைய அன்பு வற்றாதிருக்கட்டும்.

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்களை மறவாமல் வருஷத்தின் எல்லா நாளும் போஷிக்கிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். வெயிலுக்குச் சோர்ந்துபோகிற எங்கள் சரீரத்தை நீர் அறிவீர். வழிப்பிரயாணத்தில் இருக்கிற எங்கள் குடும்பங்களைப் பாதுகாத்தருளும். இல்லாதவர்களை நாங்கள் பயமுறுத்தாமலும், இருக்கிறவர்கள் நாங்கள் மறந்துபோகாமலும் கிருபை தாரும். மேல்வீட்டில் காத்திருந்தவர்கள்மேல் இறங்கின ஆவியானவர் இந்தக் கோடையில் எங்கள்மேலும் இறங்குவாராக. இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய வருகை சமீபமாயிருக்கிறது. அல்லேலூயா! மாரநாதா!

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் சகோதரன்